வீட்டில் இரண்டு பேர், இரண்டு பழைய கார், இரண்டுக்கும் ஒரே வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று). என்ன செய்யலாம்?

வடவள்ளி டீச்சர்:

வணக்கம். எனக்கு 68, எங்கள் வீட்டுக்காரருக்கு 72. ஊர் கோவை வடவள்ளி. நான் உதவிபெறும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். அவர் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக வெளியே வந்தார். பையன் பெங்களூரில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஷெட்டில் இரண்டு கார்.

அவருடையது 1986 மார்ச்சில் பதிவான பிரீமியர் பத்மினி, 91-ல் ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. என்னுடையது 1996 ஜனவரியில் பி.எஃப். லோன் போட்டு வாங்கிய மாருதி 800. அவருடையது, என்னுடையது என்று சும்மா எழுதவில்லை. இத்தனை வருடத்தில் நான் பத்மினியின் ஸ்டியரிங்கைப் பிடித்ததே இல்லை. அவர் 800-ஐ மொத்தம் நாலு தடவை ஓட்டியிருப்பார், நாலு தடவையும் "தகர டப்பா" என்று சொல்லிக்கொண்டேதான் இறங்கினார்.

காலையில் அஞ்சரைக்கு அவர் கவரை எடுப்பார். அதை மடிக்க ஒரு முறை இருக்கிறது, நான் மடித்தால் பிரித்து மறுபடி மடிப்பார். அப்புறம் பானெட்டைத் தூக்கி ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து, ஆயில் குச்சியை உருவி பழைய பனியன் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவார். எதிர்வீட்டுப் பெண் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பையனை ஸ்கூலுக்கு எழுப்புகிறாள். அவர் ஊருக்குப் போன நாளில் அந்தப் பையன் லேட். டேஷ்போர்டு பெட்டியில் பாயிண்ட் தேய்க்க ஒரு துண்டு உப்புத்தாள், ஸ்க்ரூ டிரைவர், பேரூர் கோயில் விபூதிப் பொட்டலம், வெயில் காலத்தில் பெட்ரோல் பம்ப் மேல் நனைத்துப் போட ஒரு கந்தல் துணி, எல்லாம் இருக்கும். ஆர்.சி. புத்தகம் மட்டும் இருக்காது, அது பீரோவில் என் நகைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

என் கார் பாவம், உழைக்கிற ஜாதி. செவ்வாய்க்கிழமை உழவர் சந்தை, முதல் வாரம் பேங்க், மூணு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு பேருக்கும் சர்க்கரை டெஸ்ட். பின் சீட்டில் எப்போதும் கீரைக்கட்டு மண் இருக்கும். நான் அதைத் துடைத்துக் கொஞ்சுவதில்லை, அதுவும் இதுவரை ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்று அடம்பிடித்ததில்லை.

உறவில் கல்யாணம் என்றால் இரண்டு காரில்தான் போவோம். அவருக்கு முகூர்த்தம் முடிந்து சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட வேண்டும். எனக்கு எல்லோரையும் பார்த்துப் பேசி தாம்பூலப் பை வாங்கிக் கிளம்ப மூணு மணியாகும். ஒரு தடவை வாசலில் பன்னீர் தெளித்தவர் "ஊட்ல வர்லீங்களா" என்று கேட்க, இவர் "அவங்க வேற வண்டியில வர்றாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்களுக்குள் ஏதோ சண்டை என்று ஒரு மாதம் போன் மேல் போன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் அவருக்கு இடது முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆனது. கிளட்ச் மிதிக்கிற கார் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய் பத்மினியில் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு வருகிறார். தீபாவளிக்கு வந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, இரண்டையும் ஸ்க்ராப்புக்குக் கொடுத்துவிட்டு ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கித் தருகிறேன் என்கிறான். 15 வருடம் தாண்டினாலே சட்டப்படி உடைக்கத்தான் வேண்டும், இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் இந்த கார்களுக்கு ஒத்துக்கொள்ளாது, எஃப்.சி. கட்டணமும் ஏறிவிட்டது என்று அடுக்குகிறான். 800-க்கு வருகிற ஜனவரியில் எஃப்.சி., பத்மினிக்கு மார்ச்சில். எங்கள் பென்ஷனில் இரண்டுக்கும் கட்ட முடியும், கஷ்டமில்லை, ஆனால் கட்டலாமா என்பதுதான் கேள்வி. ஒன்றைத்தான் வைத்துக்கொள்வது என்றால் எதை? இன்னொன்று, ஒரு மாதமாகக் காலையில் 800-ஐத் திறந்தால் லேசாகப் பெட்ரோல் வாசனை அடிக்கிறது, அதற்கும் இந்த எத்தனாலுக்கும் சம்பந்தம் உண்டா?

சுந்தராபுரம் ஸ்பேனர்:

டீச்சருங்க, மத்ததெல்லாம் அப்புறம். முதலில் அந்த வாசனையைப் பாருங்க. பார்க்கும் வரை 800-ஐ எடுக்க வேண்டாம். ஷெட்டுக்குள் நிறுத்தியிருந்தால் வெளியே தள்ளி நிறுத்துங்க, பக்கத்தில் பூஜை விளக்கு, கொசுவத்தி எதுவும் வேண்டாம். உங்கள் காலத்து 800 கார்புரேட்டர் வண்டி. டேங்கிலிருந்து இன்ஜின் வரைக்கும் இடையிடையே ரப்பர் ஹோஸ் வரும், இன்ஜின் மேல் இருக்கிற பெட்ரோல் பம்புக்குள் டயஃப்ரம் என்று ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது உப்ப வைக்கும், அப்புறம் காய்ந்து வெடிக்க வைக்கும். 30 வருட ஹோஸ் என்றால் எத்தனால் இல்லாமலே வெடித்திருக்கும், அது வேற. எத்தனாலைத் தாங்குகிற ஹோஸ் என்று கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை அத்தனையும் ஒரே தடவையில் மாற்றச் சொல்லுங்க, கிளிப்பும் புதுசு போடச் சொல்லுங்க. பழைய கிளிப்பையே முறுக்கி விட்டுவிட்டு "ஆச்சு" என்கிறவனிடம் போகாதீங்க. பம்ப் டயஃப்ரத்தையும் அதே சூட்டோடு மாற்றிவிட்டால் நிம்மதி.

எத்தனாலுக்கு இன்னொரு குணம், காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில் நிற்கிற வண்டியில் டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். அதனால் அய்யா தினமும் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஓடவிடுவது பத்மினிக்கு நல்லது என்று நினைத்தால், கோவிச்சுக்கக் கூடாது, பாதிதான் நல்லது. நின்ற இடத்தில் ஓடினால் சைலன்ஸருக்குள் தண்ணி தங்கும், பிரேக் ஜாம் ஆகும், பேட்டரியும் சரியாக ஏறாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் ரோட்டில் ஓடவேண்டும். யார் ஓட்டுவது என்று எனக்குத் தெரியாது.

எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால், தொழில்காரனாகச் சொல்கிறேன். 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது, ஆனால் சாமான் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். பத்மினிக்கு இவ்வளவு காலம் சாமான் தட்டாமல் வந்ததற்குக் காரணம் மும்பை டாக்ஸி. கறுப்பு மஞ்சள் டாக்ஸி ஓடுகிற வரை பாம்பே கடைகளில் பிரேக் கிட், பாயிண்ட், கிளட்ச் பிளேட் எல்லாம் புழக்கத்தில் இருந்தது. கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ரோட்டை விட்டுப் போயாச்சு. இனி கிடைக்காது என்று சொல்லவில்லை, தேடணும். வீல் சிலிண்டர் கிட் இரண்டு செட், ஒரு கிளட்ச் பிளேட், கார்புரேட்டர் கிட் ஒன்று இப்போதே வாங்கி எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்துக்கொள்ளுங்க. அய்யா ஏற்கெனவே வைத்திருப்பார், பரணில் பாருங்க.

முன்னாள் குமாஸ்தா:

நாம் வாய்ப்பழக்கத்தில் எஃப்.சி. என்கிறோம். சொந்தக் காருக்கு அது ஆர்.சி. புதுப்பித்தல்தான். முதல் 15 வருடம் முடிந்ததும் ஒரு தடவை, அதற்கப்புறம் 5 வருடத்துக்கு ஒரு தடவை. உங்கள் இரண்டு காரும் ஏற்கெனவே இந்தச் சடங்கைச் சில தடவை பார்த்துவிட்டவை.

15 வருடத்தில் உடைத்தாக வேண்டும் என்று தம்பி சொன்னது டெல்லி வட்டாரத்துக் கதை. பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 10 என்ற வரம்பு அங்கேதான். நம் ஊரில் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, இன்ஸ்பெக்டர் பார்த்துப் பாஸ் பண்ணினால் ஓட்டலாம். கட்டணம் ஏறியது மட்டும் உண்மை. ஒரு காலத்தில் 600 ரூபாய், 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பில் 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000. ஆக இரண்டுக்கும் 20,000, பசுமை வரி தனி. 5 வருடத்துக்கு என்று வகுத்தால் ஒரு காருக்கு மாதம் 170 ரூபாய் கூட வராது, கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படிவம் 25, காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் சேர்ந்துகொண்டே போகும். போகும் முன் இன்ஷூரன்ஸ், புகை சர்டிபிகேட் இரண்டும் நடப்பில் இருக்கட்டும். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் 800-க்கு 2,094, பத்மினி 1,089 சி.சி. என்பதால் அடுத்த வரிசைக்குப் போய் 3,416, அதன் மேல் ஜி.எஸ்.டி. ஹார்ன், ஹேண்ட் பிரேக், எல்லா லைட்டும் வேலை செய்ய வேண்டும். 800-ல் டிரைவர் காலடி மேட்டைத் தூக்கிப் பாருங்கள், தரை தெரிந்தால் தகரம் வைத்து வெல்டிங் பண்ணிவிட்டுப் போங்கள்.

எல்லோரும் கார் பேப்பரைப் பார்ப்பார்கள், தன் லைசென்ஸை மறந்துவிடுவார்கள். 55 தாண்டியவர்களுக்கு 5 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பு, படிவம் 1ஏ-வில் டாக்டர் கையெழுத்து வேண்டும். ஆபரேஷன் ஆனவருக்கு அது எப்போது முடிகிறது என்று பாருங்கள்.

பத்மினியை விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்ல வருவார்கள். அதற்கு 50 வயது ஆகவேண்டும், உங்களுடையதற்கு 40 தான் ஆகப்போகிறது. அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டவும் முடியாது, பேரூருக்குக்கூடப் போகமுடியாது.

வில்லிவாக்கம் வாசு:

எல்லோரும் உருகுகிறார்கள், நான் அந்தப் பையன் பக்கம் பேசுகிறேன். என் அப்பாவிடம் 1979 அம்பாசடர் இருந்தது. "இது டேங்க் மாதிரிடா, இடிச்சா எதிர்ல வர்றவனுக்குத்தான் சேதம்" என்பார். இடித்தால் அந்தப் பலமான தகரம் வாங்கிய அடியை அப்படியே உள்ளே இருக்கிறவர் நெஞ்சுக்கு அனுப்பும், அதைச் சொன்னால் கேட்கமாட்டார். ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, பின் சீட்டில் பெல்ட் இல்லை. 74 வயதில் ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்து திரும்பாமல் கேட் தூணில் மோதினார். தூணுக்குப் பதில் பேத்தி நின்றிருந்தால் என்ற ஒரு நினைப்பில் நான் சண்டை போட்டு விற்றேன்.

மூணு வாரம் பேசவில்லை. அதற்கப்புறம் வாங்கிக் கொடுத்த சின்ன ஆட்டோமேட்டிக்கில் அவரே காஞ்சிபுரம் வரை போய்விட்டு வந்து, "ஆக்ஸிலேட்டரைத் தொட்டா போதும் போல" என்று யாரிடமோ போனில் சொன்னதைக் கேட்டேன். என்னிடம் இன்றுவரை சொல்லவில்லை. கிளட்ச் இல்லாத கார் முழங்காலுக்கு உண்மையிலேயே நல்லது. காசு இருக்கிறது என்றால் பையன் வாங்கிக் கொடுக்கட்டும், ராத்திரி ஓட்ட, ஹைவேயில் போக, ஆஸ்பத்திரிக்கு ஓட அது இருக்கட்டும். பழையதைப் பக்கத்துத் தெரு வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஸ்க்ராப் என்பது கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

தில்லைநகர் அத்தை:

நான் திருச்சி. வயது 70. டீச்சரம்மா எழுதினதில் ஒரே ஒரு வரியில்தான் என் கண் நின்றது, பத்மினியின் ஸ்டியரிங்கைப் பிடித்ததே இல்லை என்கிற வரி.

என் வீட்டுக்காரரிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருந்தது, நாலு கதவு வைத்தது. நம்ம மெட்ராஸ் தயாரிப்பு, வண்டலூர் பக்கம் ஃபேக்டரி இருந்தது, நாலு கதவு ஹெரால்டு வெளிநாட்டில் கிடையாது, இங்கேதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் கவிழும். அதைத் திறந்துவிட்டு முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, மடியில் டூல்ஸை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏதாவது நோண்டிக்கொண்டிருப்பார். காபியை நான் அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பேன், டம்ளர் திரும்பி வரும்போது கிரீஸ் விரல் அடையாளத்தோடு வரும். எனக்கும் கார் ஓட்டத் தெரியும், ஸ்கூட்டி, ஆல்டோ எல்லாம் ஓட்டியவள். இதைத் தொட்டதில்லை. அது அவருடையது என்று ஒரு மரியாதை.

2019-ல் அவர் போய்விட்டார். கார் ஷெட்டில் அப்படியே நின்றது. ஸ்டார்ட் பண்ண சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், அதுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த வண்டிக்கு அது ஒரு பக்குவம், அவருக்கு மட்டும் தெரிந்தது. பேட்டரி போனது, அப்புறம் வயரை எலி கடித்தது, நாலு டயரும் தரையோடு படிந்துவிட்டது. வந்த மெக்கானிக் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். 2022-ல் கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டு போனார்கள். வண்டி போனதில்கூட அவ்வளவு வருத்தமில்லை. அவர் இருக்கும்போதே ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார், சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்திருப்பார், நான்தான் கேட்கவில்லை.

எதை வைத்துக்கொள்வது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவருக்கு ஆறு மாதம் கிளட்ச் மிதிக்கக் கூடாது, வண்டி வாரம் ஒரு தடவை ரோட்டில் ஓட வேண்டும் என்றால், ஓட்டுவதற்கு வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறாரே அம்மா.

வடவள்ளி டீச்சர்:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. மூணு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

பெட்ரோல் வாசனைக்குக் காரணம் டேங்க் பக்கத்து ஹோஸ்தான். மெக்கானிக் அதைக் கழற்றி என் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொன்னார், பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி வரி வரியாக இருந்தது. அத்தனையும் மாற்றியாச்சு, புது கிளிப்போடு. டிரைவர் சீட்டுக் காலடியில் தரை தெரிந்தது, அதுவும் வெல்டிங் ஆச்சு. எட்டு வருடமாக அந்த ஓட்டைக்கு மேல் மேட் போட்டு ஓட்டியிருக்கிறேன். பரணில் பார்த்தேன். கிளட்ச் பிளேட் ஒன்று, வீல் சிலிண்டர் கிட் மூணு, தினத்தந்தியில் சுற்றி. நான் ஒரு வெள்ளி டம்ளர் வாங்க வேண்டும் என்று சொன்னபோது காசில்லை என்றவர் இவர்.

தில்லைநகர் அக்கா எழுதினதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு "வா" என்றார். சீட்டை முன்னால் இழுத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, லே-அவுட் கடைசியில் இருக்கிற காலியிடத்துக்குப் போனோம். அந்தத் தெரு வரைக்கும் பக்கத்து வீட்டுத் தம்பிதான் ஓட்டி வந்தார். கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் என்பது 34 வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான், ஆனால் என் இடது கை ஒவ்வொரு தடவையும் கீழே போய்க் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. கிளட்ச் அம்மி மாதிரி கனம். ஏழு தடவை அணைந்தது. கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை, "காலை முழுசா எடுக்காத, பாதி எடுத்துட்டு ஒரு நிமிஷம் அவன் என்ன சொல்றான்னு கேளு" என்றார். பத்மினி ஆண்பிள்ளை என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். சோக்குக்கும் கணக்கு இருக்கிறது, குளிரில் முக்கால், வெயிலில் கால், இன்ஜின் சத்தம் அடங்கியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கியர் விழுந்தது. பேரூர் வரைக்கும் போய்விட்டு வந்தோம். வீடு வந்ததும் கவரைப் போர்த்தப் போனேன், "அதை விடு, அது உனக்கு வராது" என்று வாங்கிக்கொண்டார்.

இரண்டுக்கும் கட்டப்போகிறோம். 800-க்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அவருடைய லைசென்ஸ் பிப்ரவரியில் முடிகிறது, நல்லவேளை குமாஸ்தா ஐயா சொன்னார். வாசு தம்பி சொன்ன ஆட்டோமேட்டிக் பற்றிப் பையனிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவன் வாங்கிக் கொடுத்தால் ஷெட்டில் இடம் எங்கே என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு.

தை மாதம் தொண்டாமுத்தூரில் ஒரு கல்யாணம் இருக்கிறது. அவரைப் பத்மினியில் கூட்டிக்கொண்டு போய், முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டதும் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, நான் 800-ஐ எடுத்துக்கொண்டு மறுபடி மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு.